சினைமுட்டையின் நாழிகை

மனிதன் பழக்கிய பிராணிகளுள் மிகப் பழைமையானது நாய் என்பதிலும், உழவும் மந்தையும் தோன்றுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது வேட்டைத் துணையாக வந்து அவன் மூட்டிய தீயருகே படுத்து உறங்கத் தொடங்கிவிட்டது என்பதிலும் ஆராய்ச்சியாளரிடையே அதிக அபிப்பிராய பேதம் இல்லை. அவ்வளவு நீண்ட சகவாசம் உள்ள ஒரு பிராணியின் உடலையும், நோயையும், இனப்பெருக்கத்தையும் மற்ற எந்தப் பிராணியினுடையதைக் காட்டிலும் மனிதன் நன்றாக அறிந்திருப்பான் என்று எதிர்பார்ப்பது இயல்பே. ஆயினும், உடலின் சாதாரண உயிரணு ஒன்றிலிருந்து முழுப் பிராணியையே உண்டாக்கும் வித்தை 1996-ஆம் ஆண்டில் செம்மறியாட்டில் பலித்து, பின்னர் சுண்டெலி, பசு, வெள்ளாடு, பன்றி, பூனை, முயல், கோவேறு கழுதை, குதிரை, எலி என்று ஒவ்வொன்றாக வசப்பட்டு வந்த காலத்தில், நாய் மட்டும் ஒன்பது ஆண்டுகள் விஞ்ஞானிகளின் கைக்கு அகப்படாமலே இருந்தது. அதற்கான காரணத்தை நாயின் அறிவிலோ, அதன் எண்ணற்ற இன வேற்றுமைகளிலோ தேடினால் கிடைக்காது. ஏனைய பாலூட்டிகளின் சினைமுட்டைகள் நடக்கும் காலக் கணக்கின்படி பெண் நாயின் சினைமுட்டை நடப்பதில்லை என்ற ஒரே விஷயத்தில் அது அடங்கியிருந்தது.

அந்தக் காலக் கணக்குக்கு வருமுன், இன்று எல்லோரும் குளோனிங் என்று வழங்கும் செயல்முறை இன்னதென்று தெரிந்துகொள்வது அவசியம். ஒரு பிராணியின் தோலிலோ, மடியிலோ, காதிலோ உள்ள உயிரணு எதை எடுத்துக்கொண்டாலும், அதனுள் உட்கரு என்னும் பகுதியும், அதற்குள் குரோமோசோம்களும் உள்ளன. நாய்க்கு அவை 78. அப்பிராணி முழுவதையும் ஆக்குவதற்கு வேண்டிய மரபுச் செய்தி அனைத்தும் அந்தச் சிறு இடத்தில் குறைவின்றி எழுதப்பட்டிருக்கிறது. காதிலுள்ள உயிரணுவுக்கு ஈரலைப் பற்றிய செய்தியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. எனினும் அச்செய்தி அதனிடமும் உண்டு. பரம்பரையாக வந்த சுவடிகள் அனைத்தையும் வீட்டில் வைத்துக்கொண்டு, அன்றாடத் தொழிலுக்கு வேண்டிய சில ஏடுகளை மட்டும் பிரித்து வாசித்து, மீதியைக் கயிற்றால் இறுகக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்ட குடும்பத்தைப் போன்றது முதிர்ந்த உயிரணு. அந்தக் கட்டுகள் ஒருமுறை போடப்பட்டபின் அவிழ்க்கத் தக்கவையா, அல்லது காலப்போக்கில் ஏடுகளே செல்லரித்துப் போகின்றனவா என்பதுதான் சென்ற நூற்றாண்டின் உயிரியலார் பலரை உறங்கவிடாத கேள்வியாக இருந்தது.

அவிழ்க்கும் சக்தி ஒன்று இயற்கையில் இருக்கத்தான் செய்கிறது. விந்தணு சினைமுட்டைக்குள் நுழைந்ததும், அதன் மரபுப் பொருளை இறுகப் பொதிந்திருந்த புரதங்களை முட்டையின் திரவம் களைந்தெறிந்து, வேறு புரதங்களை அணிவித்து, அதுவரை வாய் திறவாதிருந்த அந்தச் செய்தியைப் பேசவைத்துவிடுகிறது. விந்தணுவுக்கு முட்டை செய்யும் அந்த உபசாரத்தை, முட்டையின் சொந்த உட்கருவை அகற்றிவிட்டுப் பின்வாசல் வழியாக நாம் புகுத்துகிற ஒரு தோலணுவின் உட்கருவுக்கும் அது செய்யுமா? ஜெர்மனியின் ஹான்ஸ் ஸ்பேமன் 1938-இல் இப்படிப்பட்ட பரிசோதனையை மனத்தில் கண்டு எழுதினார். செய்துபார்க்கும் கருவி அவரிடம் இல்லை. அமெரிக்காவில் பிரிக்ஸ், கிங் என்ற இருவர் 1952-இல் தவளைக் கருவின் உயிரணுக்களைக் கொண்டு அதைச் செய்தனர். ஆக்ஸ்போர்டில் ஜான் கர்டன் என்ற இளைஞர், தலைப்பிரட்டையின் குடலில் வேலைசெய்துகொண்டிருந்த முதிர்ந்த உயிரணுக்களின் உட்கருக்களை எடுத்து வெற்று முட்டைகளில் வைத்து, அவற்றுள் சிலவற்றிலிருந்து இயல்பான தலைப்பிரட்டைகளை உண்டாக்கி, ஏடுகள் அரிக்கப்படவில்லை என்று 1962-இல் உலகுக்கு அறிவித்தார். அந்த வேலைக்காக அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2012-இல்; பொறுமைக்கும் ஒரு பரிசு இருக்குமானால் அதையும் அவருக்கே கொடுத்திருக்கலாம்.

தவளையில் பலித்தது பாலூட்டியில் பலிக்க ஏன் அத்தனை காலம் ஆயிற்று என்பதற்கு முதல் காரணம் அளவு. தவளையின் முட்டை ஒரு மில்லிமீட்டருக்கு மேற்பட்ட குறுக்களவு உடையது. கண்ணால் பார்க்கலாம், ஊசியால் குத்தலாம். பாலூட்டியின் சினைமுட்டையோ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. பருமனில் அது தவளை முட்டையின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். சுண்டெலியில் முயன்று முயன்று தோற்ற மெக்ராத், சோல்ட்டர் என்ற இரு வல்லுநர்கள், உட்கருவை மாற்றிவைக்கும் எளிய வழியால் பாலூட்டிகளைக் குளோன் செய்வது உயிரியல் முறையில் இயலாத காரியம் என்று 1984-இல் எழுதினர். அவர்கள் சோம்பேறிகளும் அல்லர், அறிவிலிகளும் அல்லர். தங்கள் கண்முன் நடந்ததை நேர்மையாகச் சொன்னார்கள். இயலாது என்று வல்லவர்கள் முடிவுகட்டிய இடத்தில் நிதி உதவியும் வற்றிவிடும். ஆகையால், ஆடுமாடுகளைப் பற்றிய ஆராய்ச்சி என்ற பெயரில் எடின்பரோவுக்கு அருகே ரோஸ்லின் நிலையத்தில் இருந்தவர்களைப் போன்ற சிலரே அந்த வழியில் தொடர்ந்து நடந்தார்கள்.

ரோஸ்லினில் இயன் வில்மட்டுக்குத் துணையாக இருந்த கீத் காம்ப்பெல் கண்டுபிடித்த சூட்சுமம் ஒன்று. உயிரணுவுக்குப் போஷாக்கைக் குறைத்துச் சில நாள் பட்டினி போட்டால், அது பிளவுபடும் வேலையை நிறுத்தி ஓய்வு நிலைக்குப் போய்விடுகிறது. அந்நிலையில் உள்ள உட்கருவே முட்டையின் நடைக்கு ஒத்துவருகிறது. ஆறு வயதுடைய ஒரு ஃபின் டார்செட் இனத்துப் பெண்ணாட்டின் மடியணுக்களைக் கொண்டு இணைத்த முட்டைகள் 277. அவற்றுள் கருவாக வளர்ந்தவை 29. அவற்றைச் சுமந்த தாயாடுகள் 13. பிறந்த குட்டி ஒன்று. 1996 ஜூலை 5-ஆம் தேதி, கரிய முகமுடைய ஸ்காட்லாந்து ஆட்டின் வயிற்றிலிருந்து வெள்ளை முகத்துடன் வெளிவந்த டாலியைப் பார்த்த மாத்திரத்தில், அது யாருடைய குட்டி அல்ல என்பது எவருக்கும் விளங்கிற்று.

இனி நாயின் விஷயத்துக்கு வருவோம். பசுவிலும், ஆட்டிலும், மனிதரிலும் கூட, சினைப்பையிலிருந்து முட்டை வெளிப்படும்போதே அது பக்குவம் அடைந்து, விந்தணுவை ஏற்கத் தயாராக இருக்கிறது. நாயிலோ முட்டை பிஞ்சாகவே வெளிப்பட்டுவிடுகிறது. கருக்குழாயில் இறங்கி, இரண்டு மூன்று நாட்கள் அங்கேயே தங்கி, அதன்பின்னரே முதிர்கிறது. கருக்குழாய் அந்த இடைக்காலத்தில் அதற்கு என்னென்ன ஊட்டுகிறது என்பதைக் கண்ணாடித் தட்டில் அப்படியே உண்டாக்கிக் காட்ட எவராலும் இயலவில்லை. பசுவையும் எருமையையும் குளோன் செய்பவர்களுக்கு அறுப்புக்கூடத்திலிருந்து சினைப்பைகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து முட்டைகளை உறிஞ்சி எடுத்து ஆய்வுக்கூடத்திலேயே பக்குவப்படுத்திக்கொள்ளலாம். நம் நாட்டில் ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசியப் பால்வள ஆராய்ச்சி நிலையத்தார், விலையுயர்ந்த நுண்கருவிகளும் இன்றி, முட்டையின் உறையை நொதியால் கரைத்துவிட்டு, உருப்பெருக்கியின் அடியில் மெல்லிய கத்தியைக் கையால் பிடித்தே உட்கருவுள்ள பகுதியை அறுத்தெடுக்கும் முறையைக் கையாண்டு, 2009-இல் அம்முறையில் உலகின் முதல் குளோன் எருமைக்கன்றைப் பிறப்பித்தார்கள். பிப்ரவரியில் பிறந்த முதற்கன்று சில நாட்களில் இறந்தது. ஜூன் மாதத்தில் பிறந்த கரிமா பிழைத்து வளர்ந்தது. அடுத்த ஆண்டு பிறந்த இரண்டாம் கரிமா, 2013-இல் தானே ஒரு கன்றை ஈன்றது. இவ்வளவும் முட்டைகள் தாராளமாகக் கிடைத்ததால் கைகூடியவை.

நாயைப் பற்றியவரை அந்தச் செல்வம் இல்லை. பெண் நாய் ஆறேழு மாதத்துக்கு ஒருமுறைதான் பருவத்துக்கு வரும். மருந்து கொடுத்து அதை நம் சௌகரியத்துக்கு வரவழைக்கும் நம்பகமான வழியும் அன்று இல்லை. கிடைக்கும் சொற்ப முட்டைகளும் கொழுப்பு மிகுந்து கரிய நிறமாக இருப்பதால், உள்ளே குரோமோசோம்கள் எந்த மூலையில் ஒதுங்கியிருக்கின்றன என்பது சாதாரண வெளிச்சத்தில் தெரிவதில்லை. ஒளிரும் சாயம் ஏற்றிப் புற ஊதா ஒளியில் தேடவேண்டும். இந்தத் தொல்லைகளை எல்லாம் பணத்தால் வெல்லலாம் என்று எண்ணிய ஓர் அமெரிக்கச் செல்வர், மிஸ்ஸி என்ற நாயைக் குளோன் செய்வதற்காக 1998-இல் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்துக்கு இருபத்து மூன்று லட்சம் டாலர் அளித்தார். அந்த முயற்சியிலிருந்து நாய் பிறக்கவில்லை. ஒரு பூனை பிறந்தது.

அந்தப் பூனையைப் பற்றி இங்கே சற்று நிற்பது தகும். 2001 டிசம்பரில், தாய்ப்பூனைகளில் வைக்கப்பட்ட 87 கருக்களிலிருந்து பிழைத்த ஒன்றே ஒன்று அது. சீசீ என்று பெயர். அதற்கு உயிரணு அளித்த ரெயின்போ என்ற பூனை, கறுப்பும் செம்மஞ்சளும் வெள்ளையும் திட்டுத்திட்டாகக் கலந்த மூவண்ணப் பூனை. குட்டியிடம் செம்மஞ்சளின் சாயலே இல்லை. மோசடி என்று நினைக்க வேண்டாம். மரபுச் சோதனை இரண்டையும் ஒன்றென்றே காட்டிற்று. பூனையின் செம்மஞ்சள் நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே ஒவ்வோர் உயிரணுவும் அவற்றுள் ஏதேனும் ஒன்றை ஊமையாக்கிவிடுகிறது. எதை ஊமையாக்குவது என்பது தற்செயல். மூவண்ணத் திட்டுகள் உண்டாவது இதனால்தான். ரெயின்போவிடமிருந்து எடுத்த அந்த ஒற்றை உயிரணுவில் செம்மஞ்சள் எக்ஸ் ஊமையாக இருந்தது. மற்ற எத்தனையோ கட்டுகளை அவிழ்த்த முட்டை, அந்த ஒன்றை அவிழ்க்கவில்லை. மாண்டுபோன செல்லப் பிராணியை அச்சடித்தாற்போல் திரும்பப் பெறலாம் என்று விளம்பரம் செய்ய விரும்பிய வியாபாரிகளுக்கு இதைவிடத் தர்மசங்கடமான முதற்சரக்கு வாய்த்திருக்க முடியாது.

நாயின் பூட்டைத் திறந்தவர்கள் தென்கொரியாவின் சியோல் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹ்வாங் ஊ-சுக், லீ பியோங்-சுன் முதலியோர் அடங்கிய குழுவினர். அவர்கள் செய்த முக்கியமான காரியம், முட்டையை ஆய்வுக்கூடத்தில் பழுக்கவைக்கும் ஆசையையே கைவிட்டது. பெண் நாயின் இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன், முட்டை வெளிப்படுவதற்குச் சற்று முன்னதாகவே ஏறத் தொடங்கும். அதை நாள்தோறும் அளந்து, வெளிப்படும் நாளைக் கணித்து, அதிலிருந்து ஏறத்தாழ மூன்று நாள் காத்திருந்து, முட்டைகள் கருக்குழாயிலேயே முதிர்ந்தபின் வயிற்றைத் திறந்து அவற்றைக் கழுவி எடுத்தார்கள். டாய் என்ற மூன்று வயது ஆண் ஆப்கன் வேட்டைநாயின் காதுத் தோலிலிருந்து வளர்த்த உயிரணுவை, உட்கரு நீக்கிய முட்டையின் உறைக்கடியில் செருகி, மின்துடிப்பால் இரண்டையும் ஒன்றாக்கி, இரசாயனங்களால் முட்டையை விழிக்கச் செய்து, சில மணி நேரத்துக்குள் வேறொரு நாயின் கருக்குழாயில் வைத்தார்கள். அந்த நாயும் அதே பருவத்தில், அதே நாளில் இருந்தாக வேண்டும். ஆகவே எந்நேரமும் பல நாய்கள் கைவசம் இருக்கவேண்டியதாயிற்று.

இவ்வாறு 1,095 கருக்கள் 123 நாய்களில் வைக்கப்பட்டன. கருவுற்றவை மூன்று. ஒன்று கலைந்தது. ஒரு குட்டி பிறந்து 22-ஆம் நாள் நிமோனியாவால் இறந்தது. எஞ்சியது, அறுபது நாள் கர்ப்பத்துக்குப் பின் ஒரு மஞ்சள் லாப்ரடார் நாயின் வயிற்றைக் கீறி 2005 ஏப்ரல் 24-ஆம் தேதி எடுக்கப்பட்ட, 530 கிராம் எடையுள்ள ஸ்னப்பி. பல்கலைக்கழகத்தின் பெயரெழுத்துகளையும் நாய்க்குட்டி என்ற ஆங்கிலச் சொல்லின் வாலையும் சேர்த்து அதற்குப் பெயரிட்டார்கள். அந்த 123 நாய்களும் ஒவ்வொன்றும் கத்திக்கு உட்பட்டவை. முட்டை கொடுத்தவை இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அவற்றுக்குப் பெயர் இருந்ததாக எந்தச் செய்தித்தாளும் எழுதவில்லை. விஞ்ஞானத்தின் பொருட்டுப் பிராணிகளை உபயோகிக்கவே கூடாது என்று சொல்வோரின் கட்சியில் நான் சேரமாட்டேன். ஆனால், ஒரு செல்வர் தம் செல்லநாயைத் திரும்பக் காணும் பொருட்டுப் பெயரற்ற நாய்கள் பல அறுவைக்குக் கிடக்கும் ஏற்பாட்டை நாய்ப்பிரியம் என்று அழைக்க என் மனம் ஒப்பவில்லை.

அந்த ஆண்டு முடிவதற்குள் பேரிடி விழுந்தது. மனிதக் கருக்களைக் குளோன் செய்து மூல உயிரணுக்களைப் பெற்றுவிட்டதாக ஹ்வாங் 2004-இலும் 2005-இலும் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியிட்டிருந்த இரு கட்டுரைகளும் புனைவு என்று தெரியவந்தது. 2006 ஜனவரியில் அவை திரும்பப் பெறப்பட்டன. அப்படியானால் ஸ்னப்பியும் பொய்யா என்ற ஐயம் எழுந்தது நியாயமே. டாய் கருவாக இருந்தபோதே அக்கருவை இரண்டாகப் பிளந்து, ஒரு பாதியை உறையவைத்துப் பின்னாளில் வளர்த்திருந்தால், குளோனிங் எதுவும் இன்றியே டாயின் மரபை அப்படியே உடைய குட்டியைக் காட்டிவிடலாம் அல்லவா?

இந்த ஐயத்தைத் தீர்த்த சோதனை எளிமையும் அழகும் வாய்ந்தது. உயிரணுவில் மரபுச் செய்தி உட்கருவில் மட்டும் இல்லை. உட்கருவுக்கு வெளியே, சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியா என்ற நுண்ணுறுப்புகளிலும் 37 மரபணுக்கள் கொண்ட சிறு வளையம் ஒன்று இருக்கிறது. அது தாயின் முட்டை வழியாக மட்டுமே வருவது. பிளந்த கருவிலிருந்து வந்த இரட்டையர் ஒரே முட்டையிலிருந்து வந்தவர்கள் ஆதலால் இரண்டுவகைச் செய்தியிலும் ஒத்திருப்பார்கள். குளோன் செய்யப்பட்ட பிராணியோ உட்கருவை ஒருவரிடமிருந்தும் மைட்டோகாண்டிரியாவை முட்டை கொடுத்த அந்நிய நாயிடமிருந்தும் பெற்றிருக்கும். ஸ்னப்பியின் இரத்தத்தைச் சியோலிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே பரிசோதித்தார்கள். உட்கருச் செய்தி டாயினுடையது. மைட்டோகாண்டிரியா டாயினுடையது அன்று. பொய்யரின் கூடத்திலிருந்து வந்த நாய் மெய்யானது என்று 2006 மார்ச்சில் ‘நேச்சர்’ சஞ்சிகை வெளியிட்டது. தன்னைச் சுமந்த முட்டையின் கையொப்பம் ஒவ்வோர் உயிரணுவிலும் பதிந்திருந்தமையால்தான் அந்த நாய்க்கு நியாயம் கிடைத்தது.

அதுவே, குளோன் என்பது என்ன என்ற கேள்விக்கும் விடையளிக்கிறது. ஸ்னப்பி டாயின் மறுபிறப்பும் அன்று, பிரதிபிம்பமும் அன்று. மூன்று ஆண்டு பிந்திப் பிறந்த இரட்டைச் சகோதரன், அதுவும் வேறு முட்டையில், வேறு வயிற்றில் வளர்ந்த சகோதரன். ஒரு முட்டையில் ஒன்றாய்ப் பிறந்து ஒரே வீட்டில் வளர்ந்த மனித இரட்டையரே குணத்தில் வேறுபடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம். இதில் விந்தையின் உச்சத்தைத் தொட்டது இத்தாலியின் கிரெமோனாவில் 2003-இல் பிறந்த பிரமீத்தியா என்ற குதிரைக்குட்டிதான். உயிரணு அளித்த குதிரையே அதைச் சுமந்தும் ஈன்றமையால், ஒரு தாய் தன் இரட்டைச் சகோதரியைத் தானே பெற்றெடுத்த முறை அங்கே உண்டாயிற்று. உறவு முறை சொல்வதில் நம் பாட்டிமார்களுக்கு உள்ள சாமர்த்தியமும் அங்கே தடுமாறியிருக்கும்.

ஸ்னப்பிக்குப் பின் தொழில் பெருகிற்று. மிஸ்ஸி 2002-இலேயே இறந்துவிட்டது. உறையவைத்திருந்த அதன் உயிரணுக்களிலிருந்து, பல்கலைக்கழகத்தை விட்டு நீங்கிய ஹ்வாங்கின் புதிய நிலையத்தில் 2007 டிசம்பரில் குட்டி பிறந்தது. கொரியச் சுங்கத் துறையினர் மோப்பத்தில் சிறந்த ஒரு நாயைத் தெரிந்தெடுத்து ஏழு குளோன்களைப் பெற்றுப் பழக்கினார்கள். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் தம் இறந்த நாயின் உயிரணுக்களிலிருந்து இரண்டு குட்டிகளை வளர்த்துவருவதாகவும், அவற்றின் குணம் பழைய நாயினுடையதைப் போல இல்லை என்றும் 2018-இல் வெளிப்படையாகச் சொன்னார். சுங்கத் துறையாருக்கு வேண்டியது திறமை. அது ஓரளவு மரபில் வரும். ஸ்ட்ரைசாண்டுக்கு வேண்டியிருந்தது அந்த நாய். அது எந்த உட்கருவிலும் எழுதப்பட்டதன்று.

குளோன்கள் சீக்கிரம் மூப்படைகின்றனவா என்ற அச்சம் டாலியிடமிருந்து தொடங்கியது. அதற்கு மூட்டுவாதம் வந்தது. 2003-இல், செம்மறிகள் சாதாரணமாகப் பெறும் வயதில் பாதியை எட்டியபோது, நுரையீரல் கட்டியினால் துன்புற்ற அதைக் கருணையோடு கொல்ல நேர்ந்தது. அந்தக் கட்டி ஆடுகளைத் தொற்றும் ஒரு வைரஸினால் வருவது. குளோனிங்கின் மீது பழி சுமத்த அது போதாது. அதே மடியணுக்களிலிருந்து பிற்காலத்தில் பிறந்த நான்கு ஆடுகள் நாட்டிங்காமில் வளர்ந்து, முதுமையை நல்ல சுகத்தோடு எட்டியதை 2016-இல் வெளியான பரிசோதனை காட்டிற்று.

நாய்களில் இக்கேள்விக்கு விடை காண ஸ்னப்பியே மீண்டும் கருவியாயிற்று. டாய் பன்னிரண்டு வயதிலும், ஸ்னப்பி பத்து வயதிலும் இறந்தன. இரண்டுக்கும் புற்றுநோய், ஆனால் ஒரே வகையன்று. ஆப்கன் வேட்டைநாய்களின் ஆயுள் பொதுவாகவே பன்னிரண்டு ஆண்டை ஒட்டியது. புற்றுநோயும் அவ்வினத்தில் அரிதன்று. ஒரு சோடியை வைத்துக்கொண்டு இரண்டு வயது வித்தியாசத்துக்குக் காரணம் கூறுவது கணிதத்துக்கு விரோதம். ஆகவே, ஸ்னப்பியின் கொழுப்புத் திசுவிலிருந்து எடுத்துச் சேமித்திருந்த உயிரணுக்களைக் கொண்டு, 94 கருக்களை ஏழு நாய்களில் வைத்தார்கள். நான்கு குட்டிகள் பிறந்தன. ஆயிரத்துக்கு மேற்பட்ட கருக்களுக்கு இரண்டு என்றிருந்த விகிதம், பெண் நாயின் காலத்தை அறிந்து அதற்கேற்ப நடக்கக் கற்றுக்கொண்ட பன்னிரண்டு ஆண்டுக்குள் இப்படி மாறியிருந்தது. ஒரு குட்டி சில நாட்களில் இறந்தது. மற்ற மூன்றும் நலமாக வளர்வதாக 2017-இல் அறிவித்த ஆராய்ச்சியாளர்கள், டாய்க்கும் ஸ்னப்பிக்கும் வந்த நோய்கள் அவற்றுக்கும் வருகின்றனவா, எந்த வயதில் வருகின்றன என்பதை வாழ்நாள் முழுவதும் கவனித்து வரவிருப்பதாகவும் அந்த அறிக்கையில் தெரிவித்திருக்கிறார்கள்.